அரங்குவீட்டுச் சாவி

எங்கள் வீட்டுப் பத்திரத்தில் என் பெயர் முதன்முதலாக ஏறியது, அந்த வீட்டை விற்ற அன்றுதான்.

2022 ஏப்ரல் மாதம். சார்பதிவாளர் அலுவலகத்து மர பெஞ்சில் அம்மா நடுவில், அண்ணன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். 'எழுதிக் கொடுப்பவர்கள்' என்று மூன்று பெயர். மூன்றாவது என்னுடையது. கல்யாணமான நாளிலிருந்து ரேஷன் கார்டு, பாங்கி, ஆஸ்பத்திரி என்று எந்தக் காகிதத்திலும் கணவர் பெயரோடு சேர்த்தே எழுதிப் பழகியவள் நான். முப்பத்தாறு வருஷம் கழித்து ஒரு காகிதம் என்னை அப்பாவின் மகள் என்று எழுதியிருந்தது. அதைப் படித்தபோது தொண்டை அடைத்தது. சொத்து கைவிட்டுப் போகிற வருத்தம் என்று அண்ணன் நினைத்துக்கொண்டு என் தோளைத் தட்டிக் கொடுத்தான்.

வீடு திருநெல்வேலி டவுனில், நெல்லையப்பர் கோயில் தேர் ஓடும் ரதவீதியிலிருந்து பிரிகிற ஒரு தெருவில் இருந்தது. பதினெட்டு அடி அகலம், நூற்றுப் பத்தடி நீளம். அந்தப் பக்கத்து வீடுகள் எல்லாமே இப்படித்தான், ரயில் பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். திண்ணை, நடை, தார்சா, பட்டாசல், அதையொட்டி அரங்குவீடு, பிறகு இரண்டாங்கட்டு, அடுக்களை, கிணற்றோடு சேர்ந்த முற்றம், கடைசியில் புறவாசல். எல்லாக் கதவும் திறந்திருந்தால் தெருவில் நிற்பவருக்குப் புறவாசல் வெளிச்சம் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தெரியும். சுண்ணாம்போடு கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துக் குத்திய மச்சு. சித்திரை வெயிலிலும் பட்டாசலில் வெறுந்தரையில் படுத்தால் முதுகு சில்லென்று இருக்கும்.

பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் பொதுச்சுவர். முற்றத்தில் அந்தச் சுவரை அம்மா செம்பால் இரண்டு தட்டுத் தட்டினால் அந்தப் பக்கத்திலிருந்து மதினி, "என்னக்கா?" என்று குரல் கொடுப்பாள். உறைமோர், கறிவேப்பிலை, காய்ச்சல் மாத்திரை எல்லாம் அந்தத் தட்டில் வந்து சேரும்.

அரங்குவீட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜன்னல் கிடையாது. பகலிலும் விளக்குப் போட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அரிசிப்பானை, ஊறுகாய்ச் சாடி, நகைப்பெட்டி, பத்திரப்பெட்டி எல்லாம் அங்கேதான். அப்பா பிறந்ததும் அந்த இருட்டுக்குள்தான். அதன் கதவில் மணிப்பூட்டு இருந்தது. சாவியைத் திருப்பினால் பூட்டுக்குள்ளிருந்து மணி அடிக்கும், ஒரு திருப்புக்கு ஒன்று என்று. வீட்டில் எந்த மூலையில் இருந்தாலும் கேட்கும். ஆறேழு வயதில் முந்திரிக்கொத்து எடுக்கத் திருட்டுத்தனமாகச் சாவியைப் போட்டுத் திருப்புவேன். திண்ணையில் இருக்கும் ஆச்சி அங்கிருந்தே, "யாருட்டி அது?" என்பாள். திருடன் வராமல் இருக்க வைத்த மணி என்று அப்பா சொல்வார். எனக்குத் தெரிந்து அது காட்டிக் கொடுத்தது என்னையும் அண்ணனையும் மட்டும்தான்.

1986இல் கல்யாணமாகி மதுரைக்கு வந்தேன். அதற்குப் பிறகு நான் அங்கே போனதெல்லாம் 'ஊருக்குப் போறேன்' என்றுதான். 'வீட்டுக்குப் போறேன்' என்று சொன்ன ஞாபகம் இல்லை. யாரும் சொல்லித் தரவில்லை, வாய் தானாக மாறிக்கொண்டது. போனால் தார்சாவில் பையை வைப்பேன். காப்பி தட்டில் வைத்து வரும். அது அன்புதான். ஆனால் தட்டில் வைத்துத் தருவது விருந்தாளிக்கு என்பதும் எனக்குத் தெரியும். திரும்பும்போது கூழ்வத்தலும் நார்த்தங்காயும் மிளகாய்ப்பொடியும் பையில் ஏறும். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வருவேன்.

அப்பா 2014இல் போன பிறகு அம்மா தனியாக இருந்தாள். அண்ணன் பெங்களூரில், நான் மதுரையில். எங்களோடு வா என்றால், "இங்க எனக்கு என்ன குறை?" என்பாள். உண்மையில் குறை வந்துகொண்டுதான் இருந்தது. தெருவில் ஒவ்வொரு வீடாக மூடினார்கள். பிள்ளைகள் வெளியூர் போனார்கள், பெரியவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். பல வீடுகளை ஜவுளிக் கடைக்காரர்களும் பாத்திரக் கடைக்காரர்களும் வாங்கிச் சரக்கு அடைத்தார்கள். எங்கள் பொதுச்சுவருக்கு அந்தப் பக்கமும் ஒரு கிட்டங்கி வந்தது. மதினி மகன் வீட்டுக்குப் போனாள்.

2021 ஆடி மாதம் ஒரு விடியற்காலையில் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது, எழுந்திருக்க முடியவில்லை. கைக்கு எட்டிய செம்பை எடுத்துச் சுவரைத் தட்டியிருக்கிறாள். அந்தப் பக்கம் துணி மூட்டைகள்தான் இருந்தன. இரண்டு மணி நேரம் தட்டியிருக்கிறாள். பூ கொடுக்க வந்த அம்மாதான் நடையில் நின்று கூப்பிட்டுப் பார்த்து, பதில் வராமல் உள்ளே ஓடி வந்திருக்கிறார். இதை அம்மா எங்களிடம் சொல்லவே இல்லை. பூக்கார அம்மா சொன்னார். மறுவாரம் நான் போனபோது அந்தச் சுவரில் செம்பு பட்டுக் காரை பெயர்ந்த இடத்தைப் பார்த்தேன். வீட்டை விற்க வேண்டும் என்று நான் முடிவு செய்தது அங்கே நின்றுகொண்டுதான். வேறு எந்தக் கணக்கும் அதற்குப் பிறகு எனக்குத் தேவைப்படவில்லை.

அம்மாவிடம் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. ஆபரேஷன் முடிந்து மதுரையில் என் வீட்டில் இருந்தாள். ஒரு ராத்திரி அவளே ஆரம்பித்தாள். "வித்துருங்க. பூட்டிப் போட்டா கரையான் தின்னுரும். மனுசங்க பொழங்கட்டும்." அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. நான் அழுதேன். "ஏட்டி, நீ எதுக்கு அழுத? நான்லா அழணும்" என்றாள்.

அதுதான் அந்த ஒரு வருஷம் முழுக்க என்னை அரித்த கேள்வி. நான் எதற்கு அழுகிறேன்? கட்டிக் கொடுத்த பெண். இருபத்திரண்டு வருஷம் இருந்த வீடு, அவ்வளவுதான். மதுரையில் அதைவிட அதிக காலம் இருந்துவிட்டேன். தெரிந்தவர்களும் அப்படித்தான் கேட்டார்கள். "செங்கல்லும் காரையும்தானே, விடுங்க" என்றார் ஒருவர். "உங்களுக்கும் ஒரு பங்கு வருதுல்லா, சந்தோசப்படுங்க" என்றார் இன்னொருவர். நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் அந்தச் சொற்களைக் கேட்கும்போதெல்லாம், துஷ்டி வீட்டில் உட்கார இடம் இல்லாத தூரத்து உறவுக்காரி மாதிரி நான் நின்றேன். எனக்கு அழுகை இருந்தது, அழும் பாத்தியதை இருந்ததா என்று தெரியவில்லை.

பதில் பத்திரப்பெட்டிக்குள் இருந்தது.

வில்லங்கச் சான்றுக்கும் வாரிசுச் சான்றுக்கும் அலைந்த நாட்களில் அண்ணனும் நானும் அப்பாவின் தகரப்பெட்டியைத் திறந்தோம். அடியில் தாய்ப்பத்திரம். தாத்தா வாங்கியது. நான்கெல்லை சொல்லி, அதிலுள்ள நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம் உள்பட என்று சொல்லி, 'புத்திர பௌத்திர பாரம்பரியமாய், சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக் கொள்ள' என்று முடிகிற பழைய நடை. புதையலும் தண்ணீரும் மரமும் கல்லும் அதில் வருகின்றன. மகனும் பேரனும் வருகிறார்கள். மகள் வரவில்லை.

அதற்குக் கீழே இன்னொரு காகிதம் இருந்தது. 1972இல் அத்தை எழுதிக் கொடுத்த விடுதலைப் பத்திரம். தாத்தா இறந்த மறுவருஷம். மஞ்சள் குங்குமத்துக்காக ஐந்நூறு ரூபாய் பெற்றுக்கொண்டு, வீட்டின் பேரில் இனித் தனக்கு யாதொரு பாத்தியமும் இல்லை என்று தன் சகோதரனுக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். கீழே அத்தையின் கையெழுத்து, பள்ளிக்கூடப் பிள்ளை எழுதியது போல ஒவ்வோர் எழுத்தாகப் பிரித்து. அந்த வீட்டுக் காகிதங்களில் அத்தையின் பெயர் அந்த ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது, விட்டுக் கொடுப்பதற்காக.

எங்கள் வக்கீல் அப்போதுதான் ஒரு விஷயத்தை விளக்கினார். 1956இல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம் தகப்பன் சொத்தில் மகளுக்கும் பங்கு கொடுத்தது. ஆனால் அதிலேயே 23ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. குடும்பம் குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் தாங்களாகப் பிரித்துக்கொள்ள முன்வரும்வரை மகள் பிரித்துக் கேட்க முடியாது. அதில் தங்குகிற உரிமைகூடக் கல்யாணமாகாதவளுக்கும், கணவனை இழந்தவளுக்கும், கைவிடப்பட்டோ பிரிந்தோ வந்தவளுக்கும்தான். 2005இல்தான் அந்தப் பிரிவை எடுத்தார்கள். அதாவது வயலில் பங்கு கேட்கலாம். பிறந்து வளர்ந்த வீட்டில், வாழ்க்கை கெட்டுத் திரும்பி வந்தால் ஒழிய, கல்யாணமான மகளுக்கு இடம் இல்லை. அத்தை ஒவ்வோர் ஆனித் தேரோட்டத்துக்கும் வருவாள். கூட்டத்தோடு போய் வடம் தொட்டுவிட்டு வந்து, தார்சாவில் சுவரோரம் உட்கார்ந்துவிடுவாள். உள்ளே வாங்க அத்தை என்றால், "இங்கனயே காத்து நல்லா வருது" என்பாள். சாயங்காலம் கிளம்பும்போது பட்டாசல் தூணை ஒரு முறை தடவிவிட்டுப் போவாள். சின்ன வயதில் அதை நான் விளையாட்டாகப் பார்த்திருக்கிறேன். அந்தக் காகிதத்தைப் படித்த பிறகு அத்தைக்காகவும் சேர்த்து அழுதேன். எனக்குப் பாத்தியதை இருக்கிறதா என்று அதற்குப் பிறகு நான் கேட்டுக்கொள்ளவில்லை.

அண்ணன் என்னிடம் விடுதலைப் பத்திரம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எழுதிக் கொடுத்திருப்பேன், நான் வளர்ந்த விதம் அப்படி. "மூணு பேரும் சேந்து வாங்க, மூணு பேரும் கையெழுத்துப் போடுவோம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டான். அந்த ஒரு வரிக்காக அவனுக்கு நான் என்றைக்கும் கடன்பட்டிருக்கிறேன்.

ஆனால் யாருக்கு விற்பது என்பதில் எங்களுக்குள் சண்டை வந்தது. முதலில் வந்தவர் கிட்டங்கிக்குக் கேட்டார். அடுத்து வந்தவர்கள் சொன்னதைவிட எட்டு லட்சம் அதிகம். பத்திரத்தில் பாதி காட்டினால் போதும், மீதி கையில் என்றார். அப்போது முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 4 சதவீதம். அந்தப் பதினொன்றுக்குப் பயந்து பலர் அப்படித்தான் கேட்டார்கள். அடுத்த வருஷம்தான் பதிவுக் கட்டணத்தை 2 ஆகக் குறைத்தார்கள். பாதி காட்டுவதை அண்ணனே ஒப்புக்கொள்ளவில்லை, அப்பா வாத்தியார். ஆனால் விலையை அவனால் உதற முடியவில்லை. அவன் மகளின் படிப்புக் கடன் இருந்தது. அவன் பக்கம் நியாயம் இருந்தது என்று இன்றும் சொல்வேன். இரண்டாவதாக வந்தது ஒரு குடும்பம். கணவர் பாத்திரக் கடையில் கணக்கு எழுதுகிறவர், மனைவி பள்ளிக்கூட ஆசிரியை, இரண்டு பெண் பிள்ளைகள். குடியிருக்கக் கேட்டார்கள். அந்தம்மா வீடு முழுக்கச் சுற்றிவிட்டுக் கிணற்றுச் சுவரில் கையை வைத்து, "கோடையிலயும் ஊறுமாக்கா?" என்று என்னைக் கேட்டாள்.

ராத்திரி அம்மாவுக்குப் போன் போட்டோம். இரண்டு பேரும் என்ன கேட்டார்கள் என்று அம்மா விசாரித்தாள். கிட்டங்கிக்காரர் தெருவில் வண்டி திரும்புமா என்று கேட்டதைச் சொன்னான் அண்ணன். கிணற்று விஷயத்தை நான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "கெணத்தக் கேட்டவளுக்கே குடுத்துருங்க" என்றாள். அண்ணன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு, சரிம்மா என்றான்.

மார்ச்சில் வீட்டைக் காலி செய்தேன். பத்தொன்பது நாள். என்னைத் தாங்கியது அந்த வேலைதான் என்று இப்போது தெரிகிறது. துக்கத்துக்குக் கையில் ஒரு வேலை கொடுத்துவிட வேண்டும். சும்மா உட்கார வைத்தால் அது ஆளைத் தின்றுவிடும். திருகை, ஆட்டுரல், குத்துப்போணி, மரப்பெட்டி என்று ஒவ்வொன்றையும் தூக்கும்போது அழுகையும் வந்தது, மூச்சும் வாங்கியது. இரண்டில் ஒன்றைத்தான் உடம்பால் செய்ய முடிந்தது.

பித்தளைப் பாத்திரங்களைப் பட்டாசலில் பரப்பினேன். அண்டா, தவலை, குடம், போணி. எல்லாவற்றிலும் பெயர் வெட்டியிருந்தது. புளி போட்டு விளக்க விளக்க எழுத்துகள் மேலே வந்தன. ஆச்சியின் பெயர், அம்மாவின் பெயர், ஒரு சின்னக் குடத்தில் அத்தையின் பெயர். சீரோடு கொண்டு போகாமல் எப்படியோ தங்கிவிட்ட குடம். எங்கள் வீட்டுப் பெண்களின் பெயர் பத்திரத்தில் இல்லை, பாத்திரத்தில் இருந்தது. எடைக்கு எடுக்க வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அத்தையின் குடத்தை நானே பஸ் ஏறிக் கொண்டு போய் அவள் பேத்தியிடம் கொடுத்தேன். அவள் அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

ஒரு நாள் மனசு தாங்காமல் எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் குறுக்குத்துறைக்குப் போனேன். தாமிரபரணிக்குள்ளேயே இருக்கிற முருகன் கோயில். ஆற்றில் வெள்ளம் வரும் என்று தெரிந்தால் உற்சவரையும் சாமான்களையும் மேலக்கோயிலுக்குத் தூக்கிப் போய்விடுவார்கள். தண்ணீர் வடிந்ததும் சேறு கழுவிவிட்டுத் திரும்பக் கொண்டு வருவார்கள். 1992 நவம்பர் வெள்ளத்தில் சிந்துபூந்துறையிலிருந்து எங்கள் சொந்தக்காரர்கள் பதினோரு பேர் துணிமூட்டையோடு எங்கள் வீட்டுக்கு வந்து ஒன்பது நாள் இருந்தார்கள். அம்மா விறகடுப்பில் அண்டா வைத்துப் பொங்கினாள். படித்துறையில் உட்கார்ந்து அதையெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். முருகனுக்குத் திரும்பி வர இடம் இருக்கிறது. இந்த முறை எங்களுக்கு இல்லை. அதை எந்தச் சமாதானத்தாலும் மூட முடியவில்லை. மூட வேண்டாம் என்று தோன்றியதும், எழுந்து போய் மிச்சப் பரணையும் ஒழித்தேன்.

பத்திரம் எழுதுகிறவர் வரைவைப் படித்துக் காட்டியபோது அதே பழைய வரி வந்தது. புத்திர பௌத்திர பாரம்பரியமாய். வாங்குகிறவர்களுக்கு இரண்டும் பெண். "அண்ணாச்சி, அந்த இடத்தில 'வாரிசுகள்'னு போடலாமா?" என்று கேட்டேன். அவர் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். "போட்டுட்டாப் போச்சு" என்று அடித்துத் திருத்தினார். வாங்குகிற அந்தம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பதிவு அன்று அம்மாவின் விரல்ரேகை கருவியில் விழவில்லை. ஐந்து தடவை வைத்தாள். எண்பத்தொரு வயதில், பாத்திரம் விளக்கி, மாவு ஆட்டி, கிணற்றுக் கயிறு இழுத்துத் தேய்ந்த கை. அங்கே இருந்த பெண் ஈரத்துணியால் அம்மாவின் விரலைத் துடைத்து, தன் விரலால் மேலே அழுத்திப் பிடித்தாள். ஆறாவது தடவை விழுந்தது. "சம்மதத்தோடதான் எழுதிக் குடுக்கிறீங்களா?" என்று கேட்டார்கள். "சம்மதந்தான்" என்று அம்மா சத்தமாகச் சொன்னாள். என்னைக் கேட்டபோது எனக்குக் குரல் வரவில்லை, தலையை ஆட்டினேன். வாயால் சொல்லுங்கள் என்றார்கள். சொன்னேன்.

அன்று சாயங்காலம் அந்தம்மாவுக்கு வீட்டைச் சொல்லிக் கொடுத்தேன். மச்சுப்படியில் மூன்றாவது உயரம் கூடுதல், இருட்டில் தடுக்கும். ஐப்பசி மழையில் அங்கணக்குழி அடைத்துக்கொள்ளும், மூங்கில் குச்சி புறவாசல் நிலைக்கு மேலே இருக்கிறது. தார்சாவில் மேற்கு மூலையில் மட்டும் ஒழுகும். அவள் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். சொல்லச் சொல்ல என் நெஞ்சில் இருந்து எதுவோ இறங்கியது. இவ்வளவும் எனக்குத் தெரிந்திருக்கிறதே என்று இருந்தது. விருந்தாளிக்கு மூங்கில் குச்சி எங்கே இருக்கிறது என்று தெரியாது. சாவிக்கொத்தை அவள் கையில் வைத்தேன். அம்மா உள்ளே வரவில்லை. காரிலேயே உட்கார்ந்து, "வெளக்கு ஏத்தியாச்சாம்மா?" என்று மட்டும் அந்தப் பெண்ணைக் கேட்டாள். ஏத்தியாச்சு பெரியம்மா என்றதும், கிளம்பச் சொன்னாள்.

அடித்துப் புதிதாகக் கட்டிவிடுவார்களோ என்று மதுரைக்கு வருகிற வழியில் நான் புலம்பினேன். "வித்த பெறவு அது அவங்க வீடுட்டி. கட்டுனாக் கட்டட்டும்" என்றாள் அம்மா.

பிறகு வந்த நாட்கள்தான் கஷ்டமாக இருந்தன. காலி செய்யும்போது எடுத்த நானூறு போட்டோக்களை ஒரு தடவைகூடத் திறக்க முடியவில்லை. விடிய நாலு மணிக்கு விழிப்பு வரும். படுத்தபடியே நடையிலிருந்து புறவாசல்வரை மனசுக்குள் நடப்பேன். ஒரு நாள் பட்டாசலில் வந்து நின்றுவிட்டேன். மாடக்குழி வலப்பக்கமா, இடப்பக்கமா? ஞாபகம் வரவில்லை. பயந்துபோய் எழுந்து அம்மா படுக்கைக்குப் போனேன். அவளும் விழித்துத்தான் இருந்தாள். "வலப்பக்கம். ஆச்சி வெத்தலச்செல்லம் வச்சிருப்பால்லா" என்றாள். இரண்டு பேரும் விடியும்வரை அங்கேயேதான் இருந்தோம், அவள் சொல்லச் சொல்ல.

வைகாசி கடைசியில் அந்தம்மா போன் செய்தாள். அரங்குவீட்டைப் பூட்டிவிட்டோம், திறக்க வரவில்லை, ஆசாரியைக் கூப்பிட்டு உடைக்க வேண்டாம் என்று பார்க்கிறோம் அக்கா என்றாள். காலி செய்த நாளிலிருந்து அந்தக் கதவு திறந்தே கிடந்ததால் அதை மட்டும் நான் சொல்லிக் கொடுக்க மறந்திருந்தேன். யோசித்துப் பார்த்தால் எனக்கும் தெரியவில்லை. நான் திறக்கும் காலத்தில் அது புதுசாக இருந்தது. போனை அம்மாவிடம் கொடுத்தேன்.

"கதவ உம்பக்கமா இழுத்துப் பிடி" என்றாள் அம்மா. சாவி இல்லாத கையைக் காற்றில் நீட்டிக்கொண்டாள். "இன்னும் கொஞ்சம். எடது முட்டிய அண்டக்குடு. ஆங். இப்பத் திருப்பு, மெல்ல. பாதியில நிக்கும், விடாத. அப்படியே ஒரு சுத்து."

ஸ்பீக்கரில் மணி அடித்தது. ஒன்று. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று.

அந்தப் பக்கம் சின்னப் பிள்ளைகள் இரண்டும் சிரித்தன. அம்மா கையை இன்னும் இறக்கவில்லை.